சாம்பார் வழக்கில் மூன்று நீதிபதிகள்

"நான் கவின், வயசு இருபத்துநாலு, பெங்களூரு அல்சூர்ல பிஜி மாடிப்படியில உக்காந்திருக்கேன்."

போனை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு கவின் இப்படித்தான் ஆரம்பித்தான். அவன் பேசப் பேச போன் அதை எழுத்தாக்கி, அரூரில் இருக்கும் குடும்பத்தின் வாட்ஸப் குரூப்பில் போடும். வாய்ஸ் நோட் அனுப்பினால் ஆபத்து. அப்பா அதை உரக்கடையில் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். யூரியா வாங்க வந்தவனெல்லாம் கேட்பான்.

பெயர், வயது, இருப்பிடம் சொல்லித் தொடங்குவது, சுப்ரீம் கோர்ட்டை அலசும் யூடியூப் சேனல்களைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அஃபிடவிட், அதாவது பிரமாணப் பத்திரம், என்றால் அப்படித்தானாம்.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பிஜி விடுதியே தீர்ப்புக்காகக் காத்திருந்தது.

போன வாரம் மெஸ் செக்ரட்டரி தேர்தல் நடந்தது. கவினின் ஒரே வாக்குறுதி, சாம்பாரில் இனி வெல்லம் கிடையாது. எதிர்த்து நின்றவன், கரும்பு விளையும் மண்டியாவிலிருந்து வந்த கன்னடக்காரன் ரகு. வெல்லம் இருக்கும், முடிந்தால் இன்னும் கூடும் என்றான்.

ரகு ஜெயித்துவிட்டான்.

ஆனால் ஓட்டுக்கு முந்தின நாள் அவன் எல்லோருக்கும் நெய் சொட்டச் சொட்ட ஒப்பட்டு கொடுத்திருந்தான். நம்மூர் போளிதான். ஓட்டுக்குப் பண்டம் கொடுப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி லஞ்சம், ஆகவே தேர்தல் செல்லாது என்று கவின் சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்று முறையிட்டான். விசாரிக்க மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள்.

குரூப்பில் பச்சைமுத்து மாமாதான் முதலில் எழுதினார். "நீயாவது தேறுவியா மாப்ள? இல்ல உங்கப்பனாட்டம் டெபாசிட் காலியா?"

அப்பா நிற்காத வார்டு தேர்தல் கிடையாது, ஜெயித்த தேர்தலும் கிடையாது. மாமா எழுதியதை அவர் படித்துவிட்டார் என்று போன் காட்டியது.

இந்தக் குடும்பத்தில் எவனாவது ஒருத்தன் எதையாவது ஜெயித்துத்தான் ஆகவேண்டும். மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீதிபதிகளை அலச ஆரம்பித்தான்.

"தலைமை நீதிபதி கோவிந்தப்பா, பிஜி ஓனர். மத்த ரெண்டு பேரையும் நியமிச்சது அவரு. அவர நியமிச்சதும் அவரேதான். ரெண்டாவது பிரகாஷ் அண்ணா, பேங்க்ல வேலை, இங்க ரொம்ப சீனியர். ஆனா மண்டியா. கண்ண மூடிக்கிட்டு ரகு பக்கம் சாஞ்சிருவாரு. மூணாவது முத்தம்மாக்கா, சமையல் பண்றவங்க. அல்சூர்லயே பொறந்து வளந்த தமிழ். பாவம், ஓனருக்குப் பயந்துதான் வெல்லம் போடுறாங்க. அவங்க நம்ம ஆளு. ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சிரும். எல்லாம் ஓனர் கையில."

"அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டு வை" என்றார் மாமா.

கவின் இறங்கிப் போனான். முத்தம்மாவைப் பார்த்துக் கும்பிட்டும் வைத்தான். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீதிபதி என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவனுக்கு மரியாதைதான் கூடியது.

பிரகாஷ் தொண்டையைச் செருமினார். அவருக்கு எல்லோருமே 'குரு'தான்.

"நானும் ரெண்டு ஒப்பட்டு தின்னேன் குரு. தின்னதாலதான் சொல்றேன், அது லஞ்சம்தான். அவ்வளவு நெய்ய எவனும் சும்மா ஊத்த மாட்டான்."

கூடமே வாயைப் பிளந்தது. மண்டியா மண்டியாவைக் கவிழ்த்துவிட்டது.

"பிரகாஷ் சொன்னதே என் தீர்ப்பு" என்றார் கோவிந்தப்பா. "கவின்தான் செக்ரட்டரி. சாம்பார்ல இனிமே வெல்லம் இல்ல. டிவியப் போடுங்கப்பா, மேட்ச் ஆரம்பிச்சிட்டான்."

ஜெயித்துவிட்டேன் என்று கவின் போனில் கத்தினான். போன் அதையும் எழுதியது. ஒரு நிமிஷத்தில் அப்பாவின் பதில் வந்தது: "சபாஷ்டா. கடையில லட்டு குடுத்துட்டிருக்கேன்."

"இருங்க இருங்க, நான் இன்னும் சொல்லல" என்று முத்தம்மா எழுந்தாள். "நான் ஒத்துக்கல. நான் ரகு பக்கம்."

கவின் போனைப் பிடித்த கையை இறக்க மறந்து நின்றான்.

"அக்கா, ஓனரு சொல்றாருன்னுதானே நீங்க வெல்லம்..."

"எனக்கு சுகர்ப்பா" என்றார் கோவிந்தப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானே கொழம்ப ஒதுக்கிட்டு காய மட்டும்தான் தின்றேன். போடாதேன்னா முத்தம்மா கேட்டாத்தானே?"

"எந்த ஓனரு எனக்குச் சொல்றது? நான் போடுறேன். என் சாம்பாரு. இது தமிழு, அது கன்னடம்னு நீங்க ரெண்டு பேரும் ஓட்டுக் கேட்டு அலைஞ்சீங்களே, வச்சவள ஒரு வார்த்த கேட்டீங்களா?" முத்தம்மா கரண்டியைக் கவின் கையில் வைத்து அழுத்தினாள். "ரெண்டு பேர் சொன்னா சட்டம்தான். நான் கோர்ட்ட மதிக்கிறவ. தீர்ப்பு சொல்றதோட கோர்ட்டு வேல முடிஞ்சுது. கொழம்ப செக்ரட்டரி வைக்கட்டும்."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு ஓனர் பக்கத்தில் மேட்ச் பார்க்க உட்கார்ந்தாள்.

ரகு முதல் ஆளாகத் தட்டோடு வந்துவிட்டான். அவன் பின்னால் வரிசை படிக்கட்டுவரை நீண்டது.

"செக்ரட்டரி சார், ஊட்டா ரெடியா? சாப்பாடு, சாப்பாடு!" என்றான் ரகு.

கவின் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். குரூப்பில் அம்மா பூ போட்டிருந்தாள். மாமா மாலை போட்டிருந்தார். அவன் போனை வாய்க்கருகே கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினான்.

"அப்பாவத் தவிர வேற யாரு இதப் படிச்சாலும் சரி, தயவுசெஞ்சு உடனே சொல்லுங்க. முப்பது பேருக்கு எவ்வளவு பருப்பு போடணும்?"