மாப்பிள்ளையின் இடக்கை

மகளின் நிம்மதிக்கு முத்துக்குமாரு கொடுத்த விலை ஒரு கல்வீடு, நாலு பரப்புக் காணி, இருபது பவுண் நகை. அந்த விலைக்கு வந்த மாப்பிள்ளை பஞ்சலிங்கம், கப்பலில் வேலை.

கலியாணமாகி மறுமாதமே பயணம் புறப்பட்டவன், படலையில் நின்று, கைகுலுக்கி விடைபெற மாமனாருக்கு இடக்கையை நீட்டினான். மனைவி அருந்ததிக்கும் அதே கைதான். இடக்கையால் காசு நீட்டுகிறவனுக்குச் சாமான் கொடுக்காத காங்கேசன்துறைக் கடைக்காரர் முத்துக்குமாரு, தொடாமல் நின்றுவிட்டார்.

"திரும்பி வாற எண்ணம் இருக்கிறவன் உப்பிடிச் செய்வானே? உவன் எங்களைக் கைகழுவிப் போட்டான், பிள்ளை."

"சும்மா இருங்கோ அப்பா" என்றாள் அருந்ததி. ஆனால் மாதக்கணக்கில் கடிதமே இல்லை. கனடாவில் இறங்கிவிட்டானாம் என்று ஊர் கதைத்தபோது அவளும் கலங்கிப்போனாள்.

ஆவணியில் ஒருநாள் படலை திறந்தது. பெட்டியை இறக்குமுன்பே பஞ்சலிங்கம் வலக்கையை நீட்டினான்.

"முதல்லை இதைப் பிடியுங்கோ மாமா. பிழையைத் திருத்தத்தான் ஓடி வாறன்."

"என்ன பிழை?"

"என்னோடை வேலை செய்யிற மாலிக் செனகல்காரன். வொலோப் எண்ட சனம். தூரப் பயணம் போகேக்கை அவங்கள் வேணுமெண்டே இடக்கையைத்தான் குடுப்பாங்கள். அந்த மரியாதைக்கேட்டைத் திருத்த ஆள் திரும்பி வந்துதானே ஆகவேணும்?"

"உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"சொல்லியிருந்தால் மன்னிச்சு விட்டிருப்பியளே!"

அருந்ததி அப்பாவை விலக்கிவிட்டு அந்த வலக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தை மாதம் மறுபடி பயணம். இந்தமுறை முத்துக்குமாருதான் முந்திக்கொண்டு இடக்கையை நீட்டினார்.

"போனமுறைக் கணக்கு நேர், தம்பி. இது புதுப் பாக்கி. நேரிலை வந்துதான் தீர்க்கவேணும்."