சட்டை உரித்த சாரை

பக்கத்து வளை எலியைத் தின்பதில்லை என்று ஒரு சாரைப்பாம்பு வாக்குக் கொடுத்திருந்தது. எலியும் அதை நம்பிப் பயமில்லாமல் திரிந்தது. ஒருநாள் சட்டை உரித்த கையோடு பாம்பு பளபளவென்று வந்து எலியைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

“அண்ணே, குடுத்த வாக்கு?”

“குடுத்தவன் அதோ வேலியில தொங்குறான், அவனைக் கேளு. மாறாததுன்னு உலகத்துல எதுவுமே இல்ல. நான் புது ஆளு.”

மாட்டிக்கொண்டும் எலியின் வாய் சும்மா இருக்கவில்லை.

“அப்ப பசி யாருது?”

“என்னுதுதான். ஒரு வாரமாப் பட்டினி.”

“புது ஆளுக்கு ஏதுண்ணே ஒரு வாரம்? ‘நான்’னா யாருன்னு மொதல்ல சொல்லுங்க.”

பாம்பு யோசித்தது. யோசிக்க யோசிக்கப் பிடி தளர்ந்தது. எலி நழுவி வளைக்குள் பாய்ந்தது.

“ஏய், கேள்வி கேட்டுட்டு ஓடுறியே!”

“கேட்ட எலி போயிருச்சுண்ணே,” என்றது உள்ளிருந்து குரல். “நான் வேற.”