ஞாயிற்றுக்கிழமைப் பிழை

முரளீதரன் சார் அந்தக் கண்ணாடித் தகட்டைக் கைக்குட்டையில் சுற்றி, தாலியை வாங்கி வைப்பதுபோல் பயபக்தியோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“கான்பரன்ஸ் பேப்பர்ல ரெண்டே பேருதாம்மா. நான், அப்புறம் நம்ம ராம்ப்ரஸாத். அமெரிக்காவுக்கு அப்ளை பண்றான் இல்லையா? உனக்குக் கடைசில நன்றி போட்டிருக்கேன்.”

அவர் மகன் ராம்ப்ரஸாத் இந்த மொட்டைமாடிக்கு ஒருநாளும் வந்ததில்லை. தகடு பச்சையா சிவப்பா என்று கேட்டால் அப்பன் முகத்தைத்தான் பார்ப்பான்.

அவரிடம் எம்.எஸ்ஸி. படிக்கும் சங்கரிக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். சர்டிபிகேட்டை விட்டால், இதுவரை அவள் பெயர் அச்சில் வந்தது ரேஷன் கார்டில் மட்டும்தான். அதிலும் ஆண் என்று போட்டிருந்தார்கள்.

தகட்டைச் செய்தவள் அவள். இலை வெயிலை வைத்துச் செய்யும் வேலையைக் கண்ணாடியைச் செய்யவைப்பதுதான் ஆராய்ச்சி. வெள்ளைப் பூச்சின்மேல் இலைப் பச்சையத்தைப் பார்த்துச் செய்த சாயம். வெளிச்சம் பட்டால் சாயத்திலிருந்து எலக்ட்ரான் எகிறும். பிடித்துக் கம்பியில் விட்டால் மின்சாரம்.

ஒரே தொல்லை, அந்த ரகச் சாயம் வெயிலில் சில வாரத்திலேயே வெளுத்துச் செத்துப்போகும். உலகம் முழுக்க இதே ஒப்பாரி.

கல்லூரி மாடியில் குரங்குகள் எதையும் விட்டுவைப்பதில்லை. அதனால் பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டு மாடி. அப்பா சாயம் போட்ட பட்டுநூல் கீற்று நிழலில் தொங்கும். தகடு மட்டும் நட்ட நடு வெயிலில் கிடக்கும். காலையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போவாள். மாலையில் வந்து, எப்போதும் அதே பல்பின் கீழ் வைத்து மீட்டர் பார்ப்பாள்.

மாசி போய்ச் சித்திரையே வந்துவிட்டது. சாயம் சாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மீட்டர் கொஞ்சம் இறங்கும். ஏன் என்று தேடிப் பார்க்கலாம் என்றாள். சார் அந்த ஞாயிறுகளையெல்லாம் ‘பிழை’ என்று அடித்துத் தள்ளிவிட்டு, இந்த வித்தையைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்துக்காரனே வாயைப் பிளப்பான் என்றார்.

இப்போது அவர் படி இறங்கிப் போய்விட்டார். சங்கரி கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்ததில் எல்லாமே குறைச்சலாகத் தெரிந்தது.

கீழே சார் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தார். கிளம்பவில்லை.

பின்னால் அம்மா கமலவேணி அப்பாவின் பழைய வேட்டியோடு வந்து நின்றாள்.

“இன்னாடி, நீ காலேஜுக்குப் போவலியா? அந்தக் கண்ணாடி எங்க? மூடலாம்னு வந்தேன்.”

“எதுக்கும்மா மூடணும்?”

“எதுக்கா? சாயம் போட்டத யாருனா வெயில்ல போட்டு வைப்பாங்களா? எம்மெஸ்ஸி படிச்சுக்கினு இதுகூடத் தெரியல. நீ அந்தாண்ட போனதும் தெனம் மூடிடுவேன். நூலு எடுக்க வரும்போது துணியையும் எடுத்துக்கினு போயிடுவேன். ஞாயித்துக்கெழமதான் நீ பக்கத்துலயே குந்திக்கினு இருப்ப, கத்துவியேன்னு உட்டுட்டேன்.”

சங்கரி அம்மாவைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். நான்காக மடித்தது, வெயில் ஊசி முனையளவும் நுழையாது.

கீழே இன்னொரு உதை. கிளம்பவில்லை.

ஒரு வார்த்தை போதும். வரும் வாரம் பெங்களூரில், அத்தனை விஞ்ஞானிகள் முன்னால் மேடையேறப் போகிறவரை இந்தத் தெருவிலேயே நிறுத்திவிடலாம்.

“சார்!”

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “என்னம்மா?”

“நன்றியில இருக்குற என் பேரையும் எடுத்துடுங்க சார்.”

“ஏம்மா, கோவமா?”

“சேச்சே. முழுசா உங்க குடும்பத்து உழைப்பாவே இருக்கட்டும் சார்.”

“பெரிய மனசும்மா உனக்கு!”

இந்த முறை ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.