ஒன்றாம் தேதி ஜன்னல்

பிற்பகல் அஸர் தொழுகையின் பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் மண்ணெண்ணெய்க் கணப்பை அணைத்துவிட்டு இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்தேன்.

வெளியே ஆலங்கட்டி மழை. அம்மான் நகரத்தில் ஜனவரி என்றால் வீட்டுச் சுவருக்கே நடுக்கம் வரும்.

"உம்மா, இன்னைக்கு ஒண்ணாந் தேதியா?" என்றான் கைஸ். ஆறு வயது. கேட்டுக்கொண்டே கோட்டையும் குல்லாயையும் தானே மாட்டிக்கொண்டான். பிள்ளைக்குப் பழகிவிட்டது.

குளிருக்காக ஜன்னல்களில் இழுத்துக் கட்டி, திறக்குமுன் அவிழ்த்த பிளாஸ்டிக் தாள்களைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் தள்ளினேன். சட்டத்து இடுக்குகளில் செருகியிருந்த ரப்பர் பட்டைகளையும், கதவடியில் காற்றை அடைத்திருந்த கம்பளிச் சுருளையும் அதோடு சேர்த்தேன்.

எல்லாம் என் கைவேலை. பெண்கள் சங்கத்தில் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார்கள். போன குளிர்காலத்தில் கைஸை நெஞ்சுச் சளியோடு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்தக் குளிர்காலத்தில் ஒரு தும்மல் கிடையாது. மண்ணெண்ணெயும் பாதிதான் ஆகிறது.

அப்புறம் எதற்கு இந்த ஒளிவுமறைவு என்றால், எதிர்வீட்டு உம்மு லைஸ் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். காற்றுப் புகாத ஜன்னலாகத் தன் செலவில் மாற்றினாள். அந்த வீட்டின் சொந்தக்காரர் வந்து பார்த்தார், "வீடு நல்லா ஆயிடுச்சே" என்றார், வாடகையை ஏற்றிவிட்டார். நோன்பு வருவதற்குள் அவர்கள் மூட்டை கட்டினார்கள். ஜன்னல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ரொட்டிக்கடையில் என் கணவர் நாயிஃபுக்குக் கிடைக்கும் கூலியில் இன்னொரு வாடகையேற்றம் தாங்காது. எங்களுக்குப் போக்கிடமும் இல்லை.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அபூ ஸுஹைப், அதாவது ஸுஹைபின் வாப்பா, மாடியிலேயே மனைவியோடு இருக்கிறார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று தெருவே சொல்லும். மண்ணெண்ணெய் வண்டி வாசலிலேயே வந்து நிற்கும். இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள்கூட அவர் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கி நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளும் ஓவர்கோட்டோடுதான் திரிவார். ஒன்றாம் தேதி அஸர் தொழுதுவிட்டு வாடகை வாங்க வருவார்; அதற்குள் எங்கள் அறையில் கதகதப்பின் சுவடே இருக்கக் கூடாது.

வந்தார். உட்கார்ந்தார்.

வந்தவரைக் கணப்பின் பக்கத்தில் உட்காரவைத்து, அதை இன்னும் கொஞ்சம் தூண்டிவிடுவதுதான் எங்களில் மரியாதை. அணைந்த கணப்பின் முன்னால் ஒரு பெரியவரை உட்காரவைத்துவிட்டு நிற்கிறேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு, ஹாஜியார்" என்றேன். மாதாமாதம் சொல்லும் பொய்தான்.

அவர் கணப்பின் மேல் கையை நீட்டினார்.

அப்போதுதான் கவனித்தேன். வாசனைக்காகக் காலையில் வைத்த ஆரஞ்சுத் தோல் அதன் மேலேயே கிடந்தது. இரும்பும் முழுக்க ஆறியிருக்காது. அவசரமாகத் தேநீரை அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் கையை எடுக்காமலே தேநீரைக் குடித்து முடித்தார். வாடகையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார். ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. கூரையைத்தான் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

கதவருகே நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"உம்மு கைஸ், நான் போனதும் ஜன்னலச் சாத்திடும்மா. மாசாமாசம் நீ தெறந்து வெக்கிற அன்னைக்கு, மேல எங்க தரை சில்லிட்டுப் போகுது. நாலு நாளா ஸுஹைபோட உம்மாவுக்குக் காய்ச்சல். கீழேருந்து வர்ற சூட்டுக்காகத் தரையிலதான் படுத்திருக்கா."

சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறிப் போனார்.

மண்ணெண்ணெய்க்கே வழியில்லாத அந்த மனிதரைக் கஞ்சன் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஜன்னல்களைச் சாத்தினேன். பிளாஸ்டிக்கைக் கட்டக்கூடப் பொறுக்காமல் கணப்பை மூட்டி, எண்ணெய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.

இந்த மாதம் மண்ணெண்ணெய் பாதியோடு நிற்காது. நிற்கவும் வேண்டாம்.