விரும்பிக் கேட்டவர்

மயில்வாகனத்தின் சட்டைப் பையிலிருந்து நாலு தபாலட்டைகள் எட்டிப் பார்த்தன. கனகலிங்கத்துக்கு அதற்கு மேல் வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“எழும்படா! நீதான் எழுதினனீ.”

பரந்தன் சந்தியில் ஜமால்தீன் நானாவின் தேத்தண்ணிக் கடை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். கண்ணாடி அலுமாரிக்கு மேலே பற்றரி றேடியோ பாடிக்கொண்டிருந்தது. வாங்கில் இருந்த மயில்வாகனம் எழும்பவில்லை. கடித்த வடையை மற்றக் கைக்கு மாற்றினான், அவ்வளவுதான்.

“என்னத்தை எழுதினனான்?”

“றேடியோவுக்கு! என்ர பேரைப் போட்டு! ரண்டு ஞாயிறாச் சினிமாப் பாட்டுக்கு என்ர பேர் வருது. இலங்கை முழுக்கக் கேக்குது!”

விஷயம் சின்னதில்லை. கனகலிங்கம் பேராதனையில் மாணவர் சங்கீத சபைத் தலைவர் பதவிக்கு நிற்கிறான். சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறவனைச் சபையிலிருந்தே தள்ளிவைக்க வேண்டும் என்று போன தவணையில் மேசையில் அடித்துப் பேசியவனும் அவன்தான். லீவு முடிந்து கம்பஸ் திறந்ததும் வாக்கெடுப்பு. மரத்தைச் சுற்றி ஓடுகிற காதல் பாட்டொன்றை ‘விரும்பிக் கேட்டவர்’ என்று நாடறிய அவன் பெயரை வாசித்த பிறகு, எவன் அவனுக்குக் கை உயர்த்துவான்?

“உன்ர பேரை எழுத எனக்கென்ன விசரே?” என்றான் மயில்வாகனம். “வருசக் கணக்கா நான் என்ர பேரை எழுதி அனுப்புறன். ஒருக்காலெண்டாலும் வாசிச்சவங்களே? எழுதாமல் கிடந்த உனக்கு ரண்டு தரம்! எனக்கெல்லோடா வயிறு எரியோணும்.”

“அந்த எரிச்சல்லதான் செய்திருக்கிறாய். சோதினையில கோட்டை விட்டிட்டு உழவு மிசின் ஓடுற உனக்கு வேற என்ன தெரியும்?”

“ஓம், நான் கோட்டை விட்டனான்தான். பாஸ் பண்ணின நீ என்னத்தைக் கிழிச்சனீ? லீவில வந்து விடியக்காலமை வயலினைத் தூக்கினாயெண்டால் எங்கட பசு பால் விடமாட்டனெண்டு நிக்குது. கம்பஸ் போன நாள் துவக்கம் ஒரே வர்ணம். அதிலயும் பாதி!”

கடை முழுக்கச் சிரித்தது. கனகலிங்கத்தின் முகம் கறுத்தது.

“இன்னும் கேள்,” மயில்வாகனம் விடவில்லை. “றேடியோவில என்னெண்டு வந்தது? ‘பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியல் சிறப்புப் பட்டப்படிப்பு மாணவன்’ எண்டெல்லோ வந்தது? நீ அங்க பொருளியல் படிக்கிறியோ புண்ணாக்குப் படிக்கிறியோ, இந்தக் கடையில ஆருக்குத் தெரியும்?”

கனகலிங்கத்தின் காதில் அந்தப் புண்ணாக்கு மட்டும்தான் விழுந்தது.

“நானா, முதல்ல உந்தப் பெட்டியை நிப்பாட்டுங்கோ! உதாலதான் இந்த ஊரே கெட்டது.”

“நிப்பாட்டினாக் கடையில ஈதான் மிஞ்சும், தம்பி,” என்றார் ஜமால்தீன், தேநீரை உயரத் தூக்கி ஆற்றியபடி. “அது கிடக்கட்டும். பாட்டுப் பிடிக்காதெண்டு சொல்லுறீங்க, கால் ஏன் தாளம் போடுது?”

கனகலிங்கம் குனிந்து பார்த்தான். தாளம் போட்ட காலை மற்றக் காலால் மிதித்தான்.

வாக்கெடுப்பாவது பரவாயில்லை. இந்தக் கதை தகப்பனின் காதுக்கு எட்டினால் கம்பஸே இல்லை. வீட்டுக்குள் றேடியோ வந்தால் குடும்பம் கூத்துக் கொட்டகையாகிவிடும் என்று சொல்லுகிறவர் ஐயாத்துரை. தேத்தண்ணிக் கடைப் படி மிதிக்கிறவனை அவர் மனிசக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

“எடு அட்டையை!” கனகலிங்கம் மயில்வாகனத்தின் பைக்குள் கையை விட்டான். “‘கனகலிங்கத்தின்ர பேரைக் கெடுக்க நான்தான் செய்தனான்’ எண்டு எழுதிக் கையெழுத்து வை.”

“வைக்காட்டி?”

கனகலிங்கம் அறைந்தான். வடை தெறித்து வாங்குக்கடியில் உருண்டது.

மயில்வாகனம் இப்போது எழும்பினான். நெல்மூட்டை தூக்கிப் பழகிய கை அது. ஒரே பிடியில் பொருளியல் சிறப்புப் பட்டம் சட்டைக் கொலரோடு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் வாசலில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் நிற்காமலே சரிந்து விழுந்தது. சால்வை தோளிலிருந்து நழுவ, மூச்சு இரைக்க, ஐயாத்துரை கடைக்குள் பாய்ந்து வந்தார்.

கனகலிங்கம் சுவரில் ஒட்டியபடியே கணக்குப் போட்டான். தான் முந்திக்கொண்டால்தான் தப்பலாம்.

“ஐயா! இவன்தான் என்ர பேரை றேடியோவுக்கு...”

“பொத்தடா வாயை!”

ஐயாத்துரை மகனைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தில் இருந்த கையையும் பார்க்கவில்லை. நேரே அலுமாரியடிக்குப் போய்ப் பெட்டியோடு காதை வைத்தார். ஒருவரும் சொல்லாமலே ஜமால்தீன் சத்தத்தைக் கூட்டினார்.

“அடுத்து வரும் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர், பரந்தனிலிருந்து, பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியல் சிறப்புப் பட்டப்படிப்பு மாணவன், ஐயாத்துரை கனகலிங்கம்.”

பாட்டுத் தொடங்கியது. மயில்வாகனத்தின் பிடி தானாகத் தளர்ந்தது.

ஐயாத்துரை நிமிர்ந்து, சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு றேடியோவைப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தார்.

“மூண்டு தரமும் எழுதினனான், ‘மணமகள் தேவை’ எண்டதை மட்டும் விட்டிட்டு வாசிக்கிறான், பாவி!”