ஐஸுக்குள் ஒரு கார்டு

ஃப்ரீசர் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, மீன் பொட்டலத்துக்குப் பின்னால் கையை விட்டு, அந்த டப்பாவை வெளியே இழுத்தாள். சொந்த வீட்டுச் சமையலறையில் திருடி மாதிரி நிற்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியதும், பாத்திரம் கழுவும் தொட்டியில் செங்கல் கனத்துக்கு ஒரு ஐஸ் கட்டி விழுந்தது. வெள்ளைப் பனிக்குள் நீலமாக ஒரு ஓரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவளுடைய கிரெடிட் கார்டு.

ஒரு காலத்தில் அவளுக்குச் சொந்தமாகக் கேக் கடை இருந்தது. தெருவே 'கேக்கக்கா' என்று கூப்பிடும். கார்டு மேல் கார்டாகத் தேய்த்து ஓவன் வாங்கினாள், பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பிடித்தாள். வியாபாரம் படுத்ததும் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துத் திவாலானாள். பட்டப்பேர் வைக்கத் தெருவுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன, மறுநாளே 'திவாலக்கா' ஆகிவிட்டாள். இப்போது வேறொருத்தியின் பேக்கரியில் கூலிக்கு மாவு பிசைகிறாள்.

திவாலானவளுக்கு எந்த பேங்க் கார்டு கொடுக்கும்? கடைசியில் புருஷன் கணக்கு வைத்திருந்த பேங்க்தான் மனம் இறங்கியது. அதுவும், கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை டெபாசிட்டாக வாங்கிப் பூட்டிக்கொண்ட பிறகு. அவரிடம் இருந்ததைப் போலவே நீலக் கார்டு. "கரண்ட் பில் மட்டும் மாசாமாசம் தானாவே இதுல போற மாதிரி வெச்சுக்கோங்க. கெடு தவறாம கட்டிட்டு வந்தா, கெட்ட பேரு மெல்ல மாறும்," என்றார் மேனேஜர்.

கார்டு வீட்டுக்கு வந்த அன்றே புருஷன் அதைத் தண்ணீரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டார். "கை அரிச்சா எடுத்து வெளிய வை. உருகறதுக்குள்ள அரிப்பு அடங்கிடும். வெந்நீர் மட்டும் ஊத்திடாத, சிப் போயிடும்," என்றார். அவளுக்குத் துணையாகத் தன் கார்டையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டதாக உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டார். பேங்க் மெசேஜ்கூட அவர் போனுக்குத்தான் வரும். கார்டு பில்லுக்கு அவள் கூலியில் எடுத்துக் கொடுப்பாள், அவர் கட்டிவிடுவார்.

அவமானமாகத்தான் இருந்தது, பொறுத்துக்கொண்டாள். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத அந்த மனுஷன், போன மழைக்காலத்தில் ஒரு நாள் தானாகவே ஃபிரிட்ஜைத் துடைத்து வைத்திருந்தார். அன்றைக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது, பாவம்.

இன்று காலையில்தான் பேக்கரி முதலாளியம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். "நான் மகன் வீட்டோட போயிடறேன். ஓவனோட கடையை நீயே எடுத்துக்கோ. சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸைக் கார்டுல தேய்ச்சிடு, இல்லன்னா கறிக்கடைக்காரர் கடையைப் பிடிச்சுக்குவார்."

ஐஸ் சொட்டத் தொடங்கியபோது வாசல் கதவு படாரென்று திறந்தது. புருஷன் மூச்சு வாங்க நின்றார். உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள்தான், சந்தோஷம் தாங்காமல் அப்பாவுக்குப் போன் போட்டு உளறியிருக்கிறாள்.

"அதை உள்ள வை."

"கொஞ்சம் கேளுங்க, கடை என் கைக்கே வருது..."

"உள்ள வைன்னு சொன்னேன்! ஒரு தடவை குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டு வந்தது போதாதா?"

எப்போதும் இந்த வார்த்தையோடு அவள் வாய் அடைத்துப் போகும். இன்று தொட்டியை விட்டு நகரவில்லை. "ரெண்டு வருஷமா அதை நான் தொடலை. என் கூலி, என் டெபாசிட்டு, என் பேரு. இந்த ஒரு தடவை என்னை நம்புங்க."

"ஃப்ரெண்டுகிட்ட கேட்டு நான் வாங்கித் தரேன். நாளைக்கு."

"நாளைக்குக் கடை இருக்காதுங்க."

அவர் பாய்ந்து ஐஸ் கட்டியைப் பிடுங்கப் பார்த்தார். அது வழுக்கித் தொட்டியிலேயே விழுந்து விரிசல் விட்டது. அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. இடது கை மட்டும் சட்டைப் பையை விட்டு இறங்கவேயில்லை.

அவள் பதறிப் போனாள். "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல." குரல் இறங்கிவிட்டது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அது உள்ளயே இருக்கட்டும். ப்ளீஸ்."

அவர் அதட்டிப் பார்த்திருக்கிறாள், அவர் கெஞ்சிப் பார்த்ததில்லை. அவள் மனசு இளகிவிட்டது. அவர் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்க. நான் பழைய ஆள் இல்லை. பட்டினி கிடந்தாவது இதைக் கட்டிடுவேன். என் பேரு இன்னொரு தடவை கெடாதுங்க," என்றாள்.

"சரியாச் சொன்னம்மா நீ!" உள்ளறையிலிருந்து வந்து நின்ற மகளுக்குப் பொறுமை போய்விட்டது. கட்டியைத் தூக்கித் தொட்டி விளிம்பில் ஓங்கித் தட்டினாள். ஐஸ் இரண்டாகப் பிளந்தது. கார்டை எடுத்து, சட்டை நுனியில் ஈரம் துடைத்து, அம்மாவிடம் சிரித்துக்கொண்டே நீட்டப் போனவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"அம்மா, இதுல அப்பா பேரு இருக்கு."