புல்தரையில் ஒரு வீடு

கதவுக்குக் கடைசி நீலத்தைத் தொட்டு வைத்துவிட்டு, அவள் ஹேர் டிரையரைக் கையில் எடுத்தாள்.

அக்ரிலிக் பெயிண்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஈரமாக இருக்கும்வரை துணியால் துடைத்தால் போச்சு. காய்ந்துவிட்டதோ, குளிப்பாட்டினாலும் அசையாது.

அவளுக்கு வேண்டியது அந்த இரண்டு நிமிஷம்தான்.

கட்டட மாதிரிகள் செய்யும் பட்டறையில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பேர். குண்டூசித் தலையில் ஜன்னல் வைக்கச் சொன்னாலும் வைப்பாள். திரைச்சீலை என்ன நிறம் என்று வேறு கேட்பாள்.

கூட்ட அறையின் நடுவில், வரப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாதிரி மேஜையை அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று கோபுரம், ஒரு நீச்சல் குளம். கட்டப்போவதற்கு மட்டும் வண்ணம், சுற்றி ஏற்கெனவே இருக்கும் தெருக்களுக்கெல்லாம் ஒரே சாம்பல். இந்தத் தொழிலில் அப்படித்தான் வழக்கம்.

கோபுரங்களுக்கு முன்னால் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை.

அந்த இடத்தில்தான் அவள் வீடு இருக்கிறது. கணவன், மாமியார், இரண்டு பிள்ளைகள், ஓயாமல் ஒழுகும் ஒரு குழாய், எல்லாம் சேர்த்து.

வரைபடத்தில் அது ‘காலி மனை’. பதினொரு மணிக்கு நகரமைப்பு அதிகாரி வந்து, மாதிரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. மனுவைப் படிக்காமல் இருக்கலாம். மேஜை மேல் நிற்கும் மாதிரியைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

“வேலை போயிடும்டி” என்றான் கணவன் காலையில்.

“வீடு போறதுக்கு வேலை போறது எவ்வளவோ தேவலை” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பத்தே முக்காலுக்கு முதலாளி உள்ளே வந்தார். புல்தரையில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு வீடு நிற்பதைப் பார்த்தார்.

“அம்மா தாயே! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே? யார் வீடு இது?”

“என் வீடுதான் சார்.”

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். கைக்குட்டைதான் கசங்கியது. பிய்த்துப் பார்த்தார். பசையும் அவளைப் போலப் பிடிவாதக்காரி.

“இழுத்தீங்கன்னா புல்லும் சேர்ந்து வந்துடும் சார்” என்றாள், அக்கறையாக.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. அதிகாரி அம்மாள் வந்துவிட்டார், பத்து நிமிஷம் முன்னதாகவே.

கோபுரங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியை மாற்றிக்கொண்டு புல்தரைப் பக்கம் குனிந்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடி பறக்காமல் வைத்த கல், நீலக் கதவு. ஒன்றையும் விடவில்லை.

“இங்கே வீடு இருக்கா?”

“இருக்கு மேடம். நாங்க குடியிருக்கோம்.”

முதலாளி தொண்டையைச் செருமினார். அதிகாரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திறந்த பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பாடா! அவளுக்கு அங்கேயே கை தட்டிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஜெயித்தாயிற்று. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட மனசு ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

அதிகாரி இன்னும் நிமிரவில்லை. விரல் நுனியால் வீட்டின் பக்கச்சுவரைத் தொட்டார்.

“ரெண்டு பக்கமும் ஜன்னலே வைக்கலையே. பொதுச்சுவரா?”

“ஆமா மேடம். வரிசை வீடு. மொத்தம் பன்னெண்டு.”

“அப்போ மத்த பதினொண்ணு எங்கேம்மா?”

அவள் கண் புல்தரைக்குப் போனது.

போன வாரம் அந்தப் புல்தரைக்குப் பச்சை அடித்ததே அவள்தான். முதலில் கரும்பச்சை, அதன்மேல் இளம்பச்சை, மூன்று பூச்சு. அடிக்கும்போதெல்லாம் தன் வீடு எங்கே வரும் என்று மட்டும்தான் கண் அளந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் நினைவுக்கே வரவில்லை.

சீ என்று இருந்தது அவளுக்கு.

“ஒரு மணி நேரம் குடுங்க மேடம். எல்லாரையும் வச்சுடறேன்” என்று சொல்லி, மீதமிருந்த அட்டையை வெட்ட உட்கார்ந்தாள். முதல் வீடு ஐந்தே நிமிஷத்தில் எழுந்து நின்றது. வலது பக்கத்து அக்கா வீடு. தனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துச் சோறு போட்ட வீடு.

தூரிகையை நனைத்துக்கொண்டு பெயிண்ட் புட்டிகளைப் பார்த்தாள்.

அந்த வீட்டுக் கதவு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியவில்லை.